டிகிரி இருந்தா வக்கீலா?

[காட்சி: மேசை மேல மடிச்சு வெச்ச கருப்புக் கோட்டு, பக்கத்துல வெள்ளை பேண்ட்]

சட்டப் பட்டம் வாங்கியாச்சு, கோட்டும் தைச்சாச்சு. நாளைக்கே கோர்ட்ல ஆஜராகலாமா? முடியாது. வக்கீல்களைப் பதிவு பண்ற அமைப்பான பார் கவுன்சில்ல பதிவு ஆகுற வரைக்கும் நீங்க சட்டம் படிச்சவர், அவ்வளவுதான். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் சொல்றது இது.

படிப்பு உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: பிளஸ் டூவுக்கு அப்புறம் 5 வருஷம், இல்லன்னா டிகிரிக்கு அப்புறம் 3 வருஷம். ஒண்ணை மட்டும் கவனிங்க. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா வாங்கின டிகிரி இதுக்குச் செல்லாது. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

[காட்சி: சென்னை உயர் நீதிமன்ற வளாகம்]

தமிழ்நாடு, புதுச்சேரிக்கான பார் கவுன்சில் இந்த வளாகத்துலதான் இருக்கு. 21 வயசு முடிஞ்சிருக்கணும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பல மாநிலங்கள்ல இதையே ஆயிரக்கணக்குல வசூல் பண்ணிட்டிருந்தாங்க. 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுச்சு. கடன் வாங்கிப் படிக்க வெச்ச வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்து அகில இந்திய பார் தேர்வு. பதிவான ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும். 100 கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது, தமிழ்லயும் எழுதலாம். பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாம சட்டம் மட்டும் இருக்கிற புத்தகம், உள்ள கொண்டு போகலாம், ஆனா அதுல குறிப்பு எழுதியிருக்கக் கூடாது. அதனால கிறுக்காத பிரதி ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க. எந்தப் பிரிவு எங்க இருக்குன்னு அதுலயே புரட்டிப் பழகுங்க.

[காட்சி: நாடா கட்டின கேஸ் கட்டு, அதைப் பிரிக்கிற கை]

அனுபவமுள்ள சீனியர் வக்கீல்கிட்ட ஜூனியரா சேரணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல. ஆனா தொழில் அங்கதான் வரும். காலையில காஸ் லிஸ்ட்ல, அதாவது அன்னிக்கு விசாரணைக்கு வர்ற வழக்குப் பட்டியல்ல, நம்பர் பார்க்கிறது, வக்காலத்துல கட்சிக்காரர் கையெழுத்தும் வக்கீல்கள் நல நிதி ஸ்டாம்பும் சரியா இருக்கான்னு பார்க்கிறது, நீதிபதி முகம் பார்த்து வாய்தா கேட்கிறது... இதெல்லாம் எந்த வகுப்புலயும் வராது.

அதுக்காகச் சும்மா உழைக்கணும்னு இல்ல. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சம் மாசம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரைக்கும் தரணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல சொல்லியிருக்கு. சேர்ற அன்னிக்கே சீனியர்கிட்ட இதைப் பேசிடுங்க.