டபுள் கேபின் டிப்பர் வாங்கப் போகிறீர்களா?

வணக்கம். எனக்குக் குடியாத்தம் பக்கம். சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொடுக்கிற காண்ட்ராக்ட் வேலை, மெக்கானிக் எல்லாம் இல்லை. பழைய டிப்பர் வாங்குவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றுதான், அதில் நான் ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

காலை ஏழரைக்கு லத்தேரி ரோட்டில் நின்றால் தெரியும், ஜல்லி மேல் சிமெண்ட் மூட்டை, மூட்டை மேல் நாலு சித்தாள், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. அப்படி லோடு மேல் உட்கார்ந்து போனவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸில் பணம் வாங்குவது பெரும்பாடு. அதனால்தான் டிரைவருக்குப் பின்னாடி இன்னொரு வரிசை சீட் வைத்து, ஆளும் சரக்கும் ஒரே நடையில் போகிற டபுள் கேபின் டிப்பர்மேல் எனக்கு ஆசை வந்தது.

ஆனால் நம் பக்கம் விற்பனைக்கு வருகிற டபுள் கேபின் டிப்பரில் நிறைய கம்பெனியில் செய்தது கிடையாது, யாரோ பட்டறையில் கேபினை வெட்டி நீட்டியது. ஆகவே வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன்னாடியே ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, கேளுங்கள். அதில் சீட்டிங் கெப்பாசிட்டி 3 என்று போட்டு, உள்ளே ஏழு பேருக்கு சீட் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது, எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றுக்கு, போகும்போது அது மாட்டும். அதுவும் 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம்.

அதே ஆர்.சி.யில் இரண்டு எடை இருக்கும், லேடன் வெயிட் என்பது லோடோடு சேர்த்த எடை, அன்லேடன் வெயிட் என்பது காலி வண்டி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வரும். ஒரு யூனிட் எம்-சாண்ட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். சின்ன டிப்பர் சட்டப்படி தாங்குவது பெரும்பாலும் இரண்டரை, மூன்று டன்தான், பின்சீட்டில் ஐந்து பேர் ஏறினால் அதிலும் 300 கிலோ போச்சு. "ஒரு யூனிட் அசால்ட்டா இழுக்கும் அண்ணே" என்று புரோக்கர் சொன்னால், இத்தனை வருஷமும் அந்த வண்டியை அப்படித்தான் ஓட்டினார்கள் என்று அர்த்தம். பின் ஸ்பிரிங்கைக் குனிந்து பாருங்கள், கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் ஏமாந்ததும் இதில்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன், ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா பார்த்தேன், எல்லாம் சரி. சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது, வண்டியைக் கவனமாக வைத்திருக்கிறார் மனுஷன் என்று நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது மாசம் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு சைட்டில் மணல் கொட்டும்போது டக்கென்று ஒரு சத்தம், பாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்ல வேளை, பக்கத்தில் ஆள் இல்லை. பெயிண்டைச் சுரண்டினால் கேபினுக்கும் பாடிக்கும் நடுவில், பாடியைத் தாங்குகிற சப்-ஃபிரேம் தொடங்குகிற இடத்தில், பழைய விரிசலுக்கு மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங். அந்த இடத்தில்தான் சேஸ் அதிகமாக வளையும், அங்கேதான் முதலில் விடும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம், உடைந்த சேஸை என்ன செய்வது? இப்போதெல்லாம் நான் ஒரு டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதில்லை. பெயிண்டைச் சுரண்ட விடமாட்டேன் என்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

பாடியைத் தூக்குகிற ஹைட்ராலிக் ஜாக்கியைக் காலி வண்டியில் தூக்கிக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். லோடு ஏற்றச் சொல்லி, பாதியில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். பாடி தானாக இறங்கியிருந்தால் சீலோ வால்வோ போயிருக்கிறது. ஜாக்கியின் ராடில் நீளமாகக் கீறல் இருந்தால் புது சீல் போட்டாலும் சீக்கிரம் கிழிந்துவிடும். ஹைட்ராலிக் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்னாடி பாடி திரும்புகிற பின்னையும் புஷ்ஷையும் கடப்பாரை போட்டு நெம்பி ஆட்டம் பாருங்கள். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், தூக்கிய பாடிக்கு அடியில் தலையை நீட்டுவதாக இருந்தால் முட்டுக்கட்டை கொடுக்காமல் நீட்டவே கூடாது, ஜாக்கி நன்றாகத்தானே நிற்கிறது என்று நினைத்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியாகப் பார்த்தால் இன்னொரு சௌகரியம், சாதாரண எல்.எம்.வி., அதாவது கார் மாதிரி இலகு ரக வண்டி, லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. ஹெவி டிரைவர் சம்பளம் மிச்சம்.

பணம் என்று பார்த்தால், கையில் நாலு லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்குத்தான் வண்டி தேடுங்கள். ஆறு டயர், பேட்டரி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று மீதி ஒரு லட்சம் கரைந்துவிடும். பின்னாடி உள் டயரைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வெளி டயரை மட்டும் மாற்றி நிறுத்துவது பழைய வித்தை. அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், அபராத பாக்கி எல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததைக் காட்டுகிற ஃபாரம் 35-ம் ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகு முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும்.

எனக்கு இரண்டாவதாக ஒரு வண்டி அமைய ஐந்து மாசம் ஆனது, பதினோரு வண்டி பார்த்தேன். ஆர்.சி.யிலேயே ஆறு சீட். கேபின் கதவு ஒன்று சரியாகச் சாத்தாது, கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். சித்தாள்கள் எல்லாம் உள்ளேதான் வருகிறார்கள்.