வலைத்தட்டும் வத்தலும்: பிள்ளைகளோடு செய்யும் பாவற்காய் வத்தல், மோர்மிளகாய்

[காட்சி: காலைச் சந்தை. பாவற்காய்க் குவியல், பச்சை மிளகாய்.]

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் என்று எந்தச் சந்தைக்குப் போனாலும், காய் மலியும் நாட்களில் கிலோக்கணக்கில் வாங்கத் தோன்றும். மூன்றாம் நாள் அதில் பாதி வாடிவிடும். வத்தல் போட்டால் மாதக்கணக்கில் வரும். ஆனால் சுளகிலோ தகரத்திலோ பரப்பும் வத்தல் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சணம் பிடிப்பதுண்டு. மேலே வெயில் படுகிறது, கீழே காற்றுப் போக வழியில்லை. அதனால் முதலில் தட்டு, பிறகு காய்.

[காட்சி: மேசையில் நான்கு மரத்துண்டுகள், தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), நுளம்புவலை.]

4 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்பான மரத்தில் 60 செ.மீ. துண்டு இரண்டு, 56 செ.மீ. துண்டு இரண்டு. மரக்காலையில் கேட்டால் அறுத்துத் தருவார்கள். குட்டைத் துண்டுகளை நீளமானவற்றின் நடுவில் வைத்து மூலைக்கு இரண்டு ஆணி அடித்தால் 60 செ.மீ. சதுரம். ஆணி அடிப்பது பெரியவர் வேலை. அளப்பது பிள்ளையின் வேலை: மூலைக்கு மூலை இரு பக்கமும் 85 செ.மீ. வரவேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் சட்டம் கோணியிருக்கிறது. நீளமான மூலைகளைப் பிடித்து அமுக்கினால் நேராகும்.

கீழ் விளிம்பில், ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து சிறு ஆணி. இனித் தங்கூசி. முதலில் ஒரு திசையில் ஐந்து இழை கட்டுங்கோ. குறுக்கே வரும் ஐந்து இழையையும் பிள்ளைகள் பாய் பின்னுவதுபோல ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக விடட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது கைவரும். இழை தொய்ந்தால் வலை நடுவில் பள்ளமாகி, காய்த்துண்டுகள் அங்கே குவிந்து ஒட்டிக்கொள்ளும். மிஞ்சி இழுத்தால் சட்டம் உள்ளே வளையும்.

70 செ.மீ. சதுர நுளம்புவலையைத் தட்டுக்குள் விரித்து, விளிம்பை மேலே மடித்து உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கோ. வலையை ஆணியால் அறைந்துவிட்டால் கழற்றிக் கழுவ முடியாது, மோர் ஒட்டிய வலையோ கழுவாமல் விட்டால் நாறும்.

இலையானுக்கு மேலே இன்னொரு வலை வேண்டும், 80 செ.மீ. சதுரம். சோளகக் காற்று அதைத் தூக்கிப்போடாமல் இருக்க எட்டுச் சிறு துணிப்பைகளைப் பிள்ளைகள் தைக்கட்டும். 6 க்கு 12 செ.மீ. துணியை இரண்டாக மடித்து மூன்று பக்கமும் நூலோட்டம் போட்டு, வாய் மூடுமுன் கூழாங்கல் நிரப்பினால் போதும். மணல் வேண்டாம். பிள்ளைத் தையலின் இடைவெளியால் கசிந்து காயில் விழும்.

[காட்சி: பாவற்காய் வெட்டுதல்.]

பாவற்காய் 1 கிலோ. முற்றிப் பழுக்காததாக, பச்சையாகப் பாருங்கோ. விதையை எடுத்து 5 மி.மீ. வட்டங்களாக வெட்டி, உப்பு 1 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி பிசறி அரை மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரை வடியுங்கோ. உப்பில் கவனம். பாவற்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 1 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 100 கிராம்தான் மிஞ்சும். கறிக்குப் போடும் அளவில் உப்புப் போட்டால் பொரித்த பிறகு வாயில் வைக்க முடியாது.

ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்குவதும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. தட்டை நான்கு செங்கல்லின் மேல் வைத்தால் அடியால் காற்றோடும். மதியம் ஒருமுறை திருப்புங்கோ. பின்னேரம் 4 மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கோ, இரவுப் பனியில் உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள். மடித்தால் படக்கென்று முறியவேண்டும், தோல்போல வளைந்தால் இன்னும் ஒரு நாள். தடித்து வெட்டினால் வெளியே இறுகி, உள்ளீரம் வெளியேற வழியின்றி நிற்கும். தொட்டால் காய்ந்ததுபோலத் தெரியும், போத்தலில்தான் பூஞ்சணம் காட்டும்.

[காட்சி: மண்சட்டியில் தயிர், மிளகாய்.]

மோர்மிளகாய்க்குப் பச்சை மிளகாய் அரைக் கிலோ, தயிர் 400 மி.லீ., தண்ணீர் 100 மி.லீ., உப்பு 2 மேசைக்கரண்டி. காம்பைக் கிள்ளாமல் நடுவில் ஒரு கீறு கீறுங்கோ. கீறாவிட்டால் மோர் உள்ளே போகாது. இது பிள்ளைகளுக்கு உரிய வேலையில்லை. மிளகாயின் எரிவு தண்ணீரில் கரையாது. எரிந்தால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

இரவு மோரில், பகலில் வடித்து வெயிலில். மோர் முழுவதும் மிளகாயில் ஏறும்வரை மூன்று நான்கு இரவு இப்படி. பிறகு வெயில் மட்டும். வெளிறி, குலுக்கினால் விதை கலகலக்கும்போது சரி.

இரண்டையும் நன்றாக ஆறவிட்டே கண்ணாடிப் போத்தலில் போடுங்கோ. சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து நனையும். முக்கால் போத்தல் நிரப்பி, ஒரு கிழமைக்குத் தினமும் குலுக்கிப் பாருங்கோ. கண்ணாடியில் வேர்வை தெரிந்தால் திரும்ப வெயிலுக்கு. பொரிக்கும்போது மிதமான சூட்டில் போட்டு, நிறம் மாறத் தொடங்கியவுடன் எடுங்கோ, ஒரு கணம் பிந்தினாலும் கருகும்.

இடையில் மழை வந்தால்? மிளகாயை மோரோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பாவற்காய்த் தட்டை மின்விசிறியின் கீழ் வைத்து ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம். வழுவழுத்துப் புளித்த வாடை வந்துவிட்டால், வெயிலில் போட்டும் மீளாது. கொட்டிவிடுங்கோ.