தேடிப் போய் ஒட்டும் மருந்து

வணக்கம் நேயர்களே. நான் அணு மருத்துவத் துறை மருத்துவர். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் கட்டுப்படாத நிலையில் எங்களிடம் வருகிறவர்கள் பலரும் கேட்பது, "மறுபடியும் கதிர்வீச்சா, டாக்டர்?" என்றுதான்.

கதிர்வீச்சுதான். ஆனால் இது நரம்பு வழியாக ஊசியாகப் போகிறது. புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேல் பி.எஸ்.எம்.ஏ என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் சிறு மூலக்கூறு ஒன்றில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கோத்துவிடுகிறோம். மூலக்கூறு போய் ஒட்டியதும், லுட்டீசியம் வெளியிடும் பீட்டா துகள்கள் சுமார் 2 மில்லிமீட்டருக்குள் தங்கள் ஆற்றலைக் கொட்டி, செல்லின் டி.என்.ஏவைச் சிதைக்கின்றன.

சரி, எல்லோருக்கும் போடலாமா? கூடாது. முதலில் பி.எஸ்.எம்.ஏ பெட் ஸ்கேன். அதில் கட்டிகள் ஒளிர்ந்தால்தான் மருந்து ஒட்ட இடமிருக்கிறது என்று அர்த்தம். ஒளிராத கட்டிக்கு இந்த ஊசி, பூட்டே இல்லாத கதவுக்குச் செய்த சாவி. ஸ்கேன் பார்க்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

831 பேர் பங்கேற்ற விஷன் ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 11.3 மாதங்கள், லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதங்கள். இது நோயை ஒழித்துவிடும் மருந்தல்ல. அதை நோயாளியிடம் மறைப்பது தவறு. ஆனால் ஹார்மோனும் கீமோவும் பார்த்துவிட்ட உடம்புக்கு அந்த நான்கு மாதம் பெரிது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. 2025இல் கீமோவுக்கு முன்பே கொடுக்கவும் வழி பிறந்தது.

ஆறு வாரத்துக்கு ஒன்றாக, அதிகபட்சம் ஆறு ஊசிகள். இரண்டாவது ஊசிக்கு வந்த பெரியவர் ஒருவர், ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்வதால் வரும் தொல்லை அது. அசதி, குமட்டல் வரலாம். ரத்த அணுக்களும் குறையலாம். அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அப்புறம் அந்தப் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாமா?"

ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். மருந்தின் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கழிவறையில் இரண்டு முறை நீர் விடுங்கள். எட்டாம் நாள் பேத்தியைத் தாராளமாகத் தூக்கிக்கொள்ளுங்கள்.