ஜாடிக்கு லேபிள் ஒட்டிய பையன்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, அறுபது நாற்காலியும் ஒலிபெருக்கியும் அனுப்பிவைத்த ஜவுளிக்கடை முதலாளி ஐயா அவர்களே, நம் ஊர் நூலகர் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, கடைசி வரிசையில் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க எனக்கு மனசு வராது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தார். வருகைப் பதிவேட்டை நீட்டினோம். "அது இருக்கட்டும், புத்தக பீரோவைத் திறங்கள்" என்றார். சாவியைக் காணோம். அரை மணி நேரம் தேடித் திறந்தால் உள்ளே ஒரு புத்தகம்கூடப் பிரிக்கப்படவில்லை. ஐயா யாரையும் திட்டவில்லை. சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அந்த பீரோவை யாரும் பூட்டவே முடியவில்லை. நகர்மன்றத் தலைவர் அம்மாவும் அப்படித்தான். போன மழையில் நூலகக் கூரை ஒழுகியபோது ஒரே வாரத்தில் ஆள் அனுப்பிச் சரிசெய்தார். அம்மாவிடம் இன்று ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸைப் பற்றி மூன்று சங்கதிகள் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்று, அவர் வாழ்க்கை. இரண்டு, நாவல்களில் அவர் சமூகத்தைப் பிடித்து உலுக்கிய விதம். மூன்று, அவருடைய நகைச்சுவை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் அம்மா வாயில் நித்தம் வரும் பழமொழி இது. முப்பத்திரண்டு வருஷம் ஆங்கில வகுப்பு எடுத்தேன். டிக்கன்ஸ் பாடம் வந்தால் கரும்பலகையில் முதலில் இந்தப் பழமொழியைத்தான் தமிழில் எழுதுவேன். அந்த மனிதர் எழுதி முடித்த நாவல்கள் 14, பாதியில் நின்றது ஒன்று. அத்தனைக்கும் இந்த ஒரு வரியை முன்னுரையாக வைக்கலாம்.

பிறந்தது 1812 பிப்ரவரி 7, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். நல்ல மனுஷர், ஆனால் கையில் காசு நிற்காது. சாத்தம் என்ற ஊரில் இருந்தபோது வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை, அதில் அப்பா வாங்கிப் போட்ட புத்தகங்கள். ராபின்சன் குரூசோ, டான் குவிக்சாட், அராபிய இரவுகள். அந்த அறைப் பக்கம் வேறு யாரும் போகமாட்டார்கள். பையன் மட்டும் போவான். பிறகு குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது, கடன் முற்றியது, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியே போனது. முதலில் போனவை புத்தகங்கள். அவற்றை அந்தப் பையன் கையிலேயே கொடுத்து ஹாம்ப்ஸ்டெட் சாலைப் பழைய புத்தகக் கடையில் விற்றுவரச் சொன்னார்கள். தான் வரிவரியாகப் படித்த புத்தகத்தைத் தானே சுமந்துபோய் விற்றிருக்கிறான் அந்தப் பிள்ளை. இந்த இடத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும்.

1824இல் பன்னிரண்டு வயது முடிந்து இரண்டே நாளில் அவனை வேலைக்கு அனுப்பினார்கள். தேம்ஸ் நதிக்கரையில், ஹங்கர்போர்டு படித்துறையில், வாரன் கம்பெனி. பூட்ஸுக்குப் போடும் கறுப்புப் பாலிஷ் செய்கிற இடம். இடிந்து விழுகிற மாதிரி பழைய கட்டடம், ஆள் பயமில்லாத எலிகள். வேலை இதுதான்: பாலிஷ் ஜாடியின் வாயை எண்ணெய்த்தாளால் மூட வேண்டும். அதன்மேல் ஒரு நீலத்தாள். சுற்றி நூல் கட்ட வேண்டும். தாளின் ஓரத்தை ஒட்ட நறுக்க வேண்டும். பிறகு அச்சடித்த லேபிளை ஒட்ட வேண்டும். காலை முதல் இரவு வரை, வாரத்துக்கு ஆறு ஷில்லிங். அந்தக் காசை ஆறு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் கிழமையை எழுதி வைத்துக்கொள்வானாம், வாரம் முழுக்க ஓட்டுவதற்கு. ஆனால் வழியில் ஒரு மிட்டாய்க் கடை வாசலில் முந்தின நாள் பணியாரத்தைப் பாதி விலைக்கு வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பொட்டலம் பிரிந்துவிடும். பிள்ளை அல்லவா!

வேலைக்குப் போன அதே மாதம் அப்பாவைப் பிடித்து மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு நாற்பது பவுண்டு சொச்சம் பாக்கி, அதுதான் குற்றம். அன்றைய இங்கிலாந்தில் கடனைக் கட்டாதவனுக்குச் சிறை. உள்ளே இருப்பவன் சம்பாதித்துக் கட்டுவது எப்படி என்று அந்தச் சட்டம் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் சிறைக்குள்ளேயே குடிபோனார்கள். இவன் மட்டும் வெளியே வாடகை அறையில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். அந்தக் கம்பெனியில் பாப் ஃபேகின் என்று ஒரு பையன். டிக்கன்ஸைவிடப் பெரியவன், அப்பா அம்மா இல்லாதவன். கிழிந்த மேலாடையும் காகிதத் தொப்பியுமாக, முதல் நாள் மாடியேறி வந்து நூலை எப்படி முடிச்சுப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் வேலை நேரத்தில் சார்லஸுக்கு விலாவில் பொறுக்க முடியாத வலி. பாப் என்ன செய்தான் தெரியுமா? மூலையில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கை போட்டான். காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்று ஆற ஆற இன்னொன்றை மாற்றி, அரை நாள் முழுக்க ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் வலி குறைந்தது. "நீ தனியாகப் போகாதே, நான் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன்" என்றான்.

அங்கேதான் சங்கடம். இவன் போக வேண்டிய இடம் சிறைச்சாலை. ராத்திரிச் சாப்பாடு அப்பா அம்மாவோடு அங்கேதான். அதைக் கூட வேலை செய்கிறவனிடம் எப்படிச் சொல்வது? "நான் போய்க்கொள்கிறேன்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். பாப் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டினார்கள், இன்னும் கூடவே வருகிறான். கடைசியில் சதக் பாலத்துக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படியில் ஏறி, "இதுதான் எங்கள் வீடு" என்று கைகுலுக்கி அவனை அனுப்பிவிட்டான். அவன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது? அதனால் கதவையும் தட்டினான். ஒரு பெண் திறந்தாள். "இது மிஸ்டர் ராபர்ட் ஃபேகின் வீடா?" என்று கேட்டான்.

அவசரத்துக்கு அவன் வாயில் வந்த பெயரைப் பாருங்கள்! கூட வந்தவனின் பெயரேதான், ராபர்ட்டைத்தான் சுருக்கி பாப் என்பார்கள். நான் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்பா ஊரில் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு தட்டல் என்னவென்று தெரிந்தது.

அப்பா சில மாதத்தில் வெளியே வந்தார். பையனை வேலையிலிருந்து நிறுத்தியபோது அம்மா, திரும்பவும் அனுப்பலாம் என்றாராம். அதைத் தன்னால் மறக்கவே முடியாது என்று டிக்கன்ஸ் எழுதிவைத்தார். ஆனால் வெளியே சொல்லவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார். டிக்கன்ஸ் 1870இல் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்கே தெரிந்தது.

இரண்டாவது சங்கதி, நாவல்கள். 1834இல் ஏழைகளுக்கான புதுச் சட்டம் வந்தது. உதவி வேண்டுமென்றால், ஏழைகளை வைத்து வேலை வாங்கும் பணிவிடுதிக்குள் வா என்றது அந்தச் சட்டம். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், வயிற்றுக்குத் தண்ணீர்க் கஞ்சி. மூன்று வருஷம் கழித்து ஆலிவர் ட்விஸ்ட் வெளிவரத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று ஒரு பையன் கிண்ணத்தை நீட்டினான், அவ்வளவுதான். அதற்கடுத்த நாவலுக்காக 1838 தொடக்கத்தில், பனியில், யார்க்‌ஷயருக்கு நேரிலேயே போனார். வேண்டாத பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளுகிற மலிவுப் பள்ளிகள் அங்கே இருந்தன. பவுஸ் என்ற ஊர்த் தேவாலய மயானத்தில், அப்படியொரு பள்ளியில் இறந்துபோன பையனின் கல்லறையைப் பார்த்தார். நிக்கோலஸ் நிக்கிள்பியில் வரும் ஸ்மைக் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது பிறந்தவன். ப்ளீக் ஹவுஸில் ஒரு சொத்து வழக்கு, தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் சொத்து முழுவதையும் வழக்குச் செலவே தின்றுவிடும். இதுவும் அவர் பட்டதுதான். 1844இல் தன் கதையைத் திருடி அச்சடித்தவர்கள்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளிகள் திவாலானார்கள், சுமார் 700 பவுண்டு செலவு இவர் தலையில் விழுந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1854இல் வந்த ஹார்டு டைம்ஸ். கிராட்கிரைண்டு என்ற கனவானுக்குப் பிள்ளைகள் மண்டையில் தகவல் மட்டும் ஏறினால் போதும். வகுப்பில் சிஸ்ஸி என்ற சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், இருபதாம் எண் என்பார். குதிரை என்றால் என்ன என்று கேட்கிறார். அவள் சர்க்கஸ்காரர் மகள், குதிரைகளோடு வளர்ந்தவள், பதில் வரவில்லை. இன்னொரு பையன் எழுந்து, நாலுகால் பிராணி, புல் தின்னும், நாற்பது பல் என்று ஒப்பித்துப் பாராட்டு வாங்குகிறான். வாத்தியார்மார் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். நானும் படித்துக்கொண்டேதான் இருந்தேன்.

டிக்கன்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தபோது, தான் அங்கே தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே ஒழித்துக்கட்டுவேன் என்று ஒரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பேனாதானா ஆலிவரை எழுதியது என்று முதன்முதலில் படித்தபோது திகைத்துப்போனேன். லண்டன் பையனின் காய்ச்சல் அவருக்கு வந்த காய்ச்சல். கடலுக்கு இந்தப் பக்கத்துக் காய்ச்சல் அவருக்கு வரவில்லை. என் அம்மாவின் பழமொழிக்கு இப்படியொரு மறுபக்கம் இருப்பதை நான் அந்தக் கடிதத்தில்தான் கண்டேன். தனக்கு வராத காய்ச்சலைத் தெரிந்துகொள்ள மனுஷனுக்கு இருக்கிற ஒரே வழி அடுத்தவன் கதையைப் படிப்பது. அதற்குத்தான் நூலகம் வேண்டும் என்கிறேன்.

இதை டிக்கன்ஸே மேடையேறிப் பேசியிருக்கிறார். 1850இல் இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. பவுண்டுக்கு அரைப் பென்னி வரி போட்டுக்கொள்ளலாம், கட்டடம் கட்டலாம், ஆள் போடலாம், ஆனால் அந்த வரிப் பணத்தில் புத்தகம் வாங்கக் கூடாது! 1855இல்தான் அதைத் திருத்தினார்கள். மான்செஸ்டர்காரர்கள் காத்திருக்கவில்லை. நன்கொடை திரட்டி, ஆலைத் தொழிலாளர்களும் காசு போட்டு, 1852 செப்டம்பர் 2 அன்று நூலகத்தைத் திறந்தார்கள். டிக்கன்ஸ் போயிருந்தார். தடையில்லா வணிகம் பேசிய கூட்டத்தாருக்கு அப்போது 'மான்செஸ்டர் பள்ளி' என்று பெயர். 'மான்செஸ்டர் பள்ளி, மான்செஸ்டர் பள்ளி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, எது என்று தேடிக்கொண்டிருந்தேன், ஏழைத் தொழிலாளியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் இந்த இலவசப் பள்ளிதான் அது' என்கிற பொருளில் பேசினார். இரண்டு வருஷம் கழித்து ஹார்டு டைம்ஸில் ஒரு நூலகத்தைக் கொண்டுவருகிறார். பதினைந்து மணி நேரம் ஆலையில் வேலை செய்துவிட்டு, அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்து, தங்களைப் போன்ற மனிதர்களைப் பற்றிய கதையைப் படிக்கிறார்கள் அந்த ஊர் ஜனங்கள். வேலை முடிந்த பிறகு, ஐயா! அந்த நேரத்தில் கதவு திறந்திருந்தது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டுகிறோம். நம் ஊர் நூலகம் ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன், பத்தொன்பது வயசு, தேர்வுக்குப் படிக்கிறான். பட்டறை விடுவது எட்டு மணிக்கு. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்பிக்கதவுக்கு வெளியே தெருவிளக்கில், அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பக்கங்களைப் படித்துவிட்டுப் போகிறான். மூன்று மாதமாகப் பார்க்கிறேன்.

நூலகரை நான் குறை சொல்லவில்லை, அவர் தனி ஆளாக அத்தனையும் பார்க்கிறார். நான் கேட்பது வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் வியாழனும், இரவு ஒன்பதரை வரை. வாசகர் வட்டத்தில் ஆறு பேர் முறை வைத்து உட்காரத் தயாராக இருக்கிறோம். நகர்மன்றத் தலைவர் அம்மா மின்கட்டணத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும், அதுதான் அந்தக் கோரிக்கை. ஜவுளிக்கடை ஐயா, நீங்கள் கொடுத்த நாற்காலியில்தான் இத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம். அந்த இரண்டு நாள் மட்டும் உங்கள் கடைப் பிள்ளைகளை எட்டு மணிக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரம் முடிந்துவிட்டது. நகைச்சுவைக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. இதுவரை 212 கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் என்ன வேலை, எத்தனை மணிக்கு வேலை விடுகிறது என்பதையும் எழுதுங்கள், அந்த நேரம்தான் மனுவில் முக்கியம். பட்டறைப் பையன் முதல் பக்கத்தில் ஏழாவதாகப் போட்டிருக்கிறான். நன்றி, வணக்கம்.