கொள்கைக்கு ஏது டி.எம்.சி. கணக்கு?

நடுவர் அவர்களே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மைக் அலறினாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காத கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, வாயனசாலை நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

“போரைத் தீர்மானிப்பது நாட்டின் தேவையா, தலைவரின் பிடிவாதக் கொள்கையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிவாதம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மண், தண்ணீர், எண்ணெய் என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டினார். “தாகம் எடுத்தவன் தண்ணீருக்காக வெட்டிக்கொள்ளத்தான் செய்வான்” என்றார். நானும் கைதட்டினேன், பேச்சு அப்படி. ஆனால் அண்ணே, அதை இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லலாமா?

மழை பொய்த்த ஆண்டுகளில் ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று நாம் கொதிக்கிறோம். எங்களுக்கே போதவில்லை என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி கொதிக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே தமிழில்தான் திட்டிக்கொள்கிறோம், அது வேறு கதை. தென்னை மட்டை தொங்கிவிட்டது, நாற்று கருகுகிறது. இதைவிடவா தேவை வேண்டும்? பிறகு என்ன நடக்கிறது? மணக்கடவு தடுப்பணையில் அளவெடுக்கிறார்கள். 1970-ல் கேரளமும் தமிழ்நாடும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கேரளத்துக்காரர்களான நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. குறைந்தால் கேட்கிறோம். கடிதம் போகிறது, கூட்டம் கூடுகிறது, கொஞ்சம் தண்ணீர் வருகிறது, மறுபடி சண்டை, மறுபடி கடிதம். யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. ஏனென்றால் தேவைக்கு ஓர் அளவு உண்டு. பேரம் பேசலாம், பாதியில் முடிக்கலாம். கொள்கை வெறிக்கு எந்த மதகில் அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள்?

எண்ணெய்க்கு வருகிறேன். முன் வரிசையில் என் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். 1990 ஆகஸ்டில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே வேலை பார்த்தவர். ஈராக் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானில் காத்துக் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் வந்து சேர்ந்தார். அப்படி நம் அரசு மீட்டவர்கள் 1,70,000 பேருக்கு மேல். சித்தப்பா கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் பை, மூன்று சட்டை, குவைத்தில் பூட்டிவிட்டு வந்த அறையின் சாவி. அந்தச் சாவி இன்றைக்கும் எங்கள் வீட்டில் நாட்காட்டி ஆணியில்தான் தொங்குகிறது. சித்தி எத்தனையோ முறை எடுத்துப் போட்டுவிடச் சொல்லிவிட்டார்.

“சதாமுக்குக் கடன், குவைத்தில் எண்ணெய், ஆகவே தேவை” என்பார்கள். சரி, அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? ஈரானோடு எட்டு ஆண்டுகள் போரிட்டதில் வந்தது. 1980 செப்டம்பரில் அந்தப் போரைத் தொடங்கியவர் சதாம். ஈரான் எல்லையில் ஓடும் ஷத் அல் அரப் ஆற்றில் உரிமை வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். ஆனால் போருக்கு அவர் வைத்த பெயர் காதிசிய்யா, ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படை பாரசீகத்தை வீழ்த்திய களத்தின் பெயர். ஆற்றுத் தண்ணீர்தான் தேவை என்றால் அந்தப் பழம்பெயர் எதற்கு? வேடிக்கையைக் கேளுங்கள். எந்த எல்லைக்காக எட்டு ஆண்டுகள் இரத்தம் சிந்தினாரோ, அதே எல்லையைக் குவைத்தைப் பிடித்த இரண்டே வாரத்தில் “நாம் முன்பு செய்த 1975 எல்லை ஒப்பந்தப்படியே இருக்கட்டும்” என்று ஈரானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உயிர்த் தேவையாக இருந்திருந்தால் ஒரு கடிதத்தில் விட்டுக்கொடுக்க முடியுமா?

எதிர்ப்பக்கம் இருந்தவரையும் விடமாட்டேன். 1982 மே மாதம் ஈராக் பிடித்து வைத்திருந்த கோரம்ஷஹர் நகரை ஈரான் மீட்டுவிட்டது. ஜூனில் சதாம் படையைப் பின்வாங்கிப் போர்நிறுத்தம் கேட்டார். இழந்த மண் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆனால் ஈரானின் தலைவர் அயதுல்லா கொமெய்னி நிறுத்தவில்லை. சதாம் ஒழிய வேண்டும், புரட்சி பரவ வேண்டும், ஜெருசலேமுக்குப் போகும் வழி ஈராக்கின் கர்பலா வழியாகத்தான் என்று முழக்கம். ஜூலையில் ஈரான் படை ஈராக்கின் பாஸ்ரா நகரை நோக்கி நகர்ந்தது. மேலும் ஆறு ஆண்டுகள். 1988-ல் போர்நிறுத்தத்தை ஏற்றபோது நஞ்சைக் குடிப்பது போல் இருக்கிறது என்றார். அவர் சொன்ன நஞ்சை 1982-லேயே குடித்திருக்கலாம். அன்று அது வெறும் கசப்பு மருந்துதான்.

மற்ற நாட்டுக் கதை போதும், நம் கோழிக்கோட்டுக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வி.கே. கிருஷ்ண மேனன். 1957-ல் காஷ்மீருக்காக ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசியவர். நடுவர் எனக்குத் தந்திருப்பது எட்டு நிமிடம். பிறகு பாதுகாப்பு அமைச்சர். பெரிய அறிவாளி, அதில் ஐயமில்லை. ஆனால் பகை என்றால் பாகிஸ்தான்தான், சீனா பெரிதாக எதுவும் செய்யாது என்பதில் மனத்தை இறுக்கி வைத்திருந்தார். 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியபோது, எல்லையில் நம்கா சூ ஓடைக்கரையில் நம் சிப்பாய்கள் பனியில் பருத்தி உடுப்போடு, போதிய தோட்டா இல்லாமல் நின்றார்கள். அடுத்த மாதம் அவர் அமைச்சரவையில் இல்லை.

அடுத்துப் பேசப் போகும் தம்பி சர்ச்சிலைக் கொண்டுவரப் போகிறார். தேநீர்க் கடையில் ஒத்திகை பார்த்தது என் காதில் விழுந்தது. சர்ச்சில் பிடிவாதக்காரர்தானே, வென்றாரே என்பார். தம்பி, 1941 ஜூன் 22 அன்று இட்லர் ரஷ்யா மீது பாய்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கம்யூனிசத்தை வைத சர்ச்சில், அன்றிரவே வானொலியில் ரஷ்யாவுக்கு உதவுவோம் என்றார். கொள்கையை மடித்துப் பையில் வைக்கத் தெரிந்தவர் அவர். அதற்கு முன்பே லண்டனிலிருந்தும், டோக்கியோவில் இருந்த தம் உளவாளி சோர்கேயிடமிருந்தும் எச்சரிக்கை வந்தும், முதலாளித்துவ நாடுகள் தம்மைப் போரில் மாட்டிவிடப் பார்க்கின்றன என்று எண்ணி, அந்த எச்சரிக்கையை நம்பாமல் இருந்தவர் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின். இரண்டு நாட்டுக்கும் தேவை ஒன்றுதான், இட்லரைத் தடுப்பது. வேறுபட்டது தலைவரின் மண்டை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துக்கொள்கிறேன். தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. 1982 மே மாதத்துக்குப் பிறகு ஈரானுக்கு எந்த மண் தேவைப்பட்டது, எவ்வளவு எண்ணெய் தேவைப்பட்டது, எத்தனை டி.எம்.சி. தண்ணீர் தேவைப்பட்டது? கவிதை சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கணக்கைச் சொல்லட்டும். என் சித்தப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.