வரிசை மாறினால் எலும்பு கரையும்! எலும்புப்புரை ஊசிகளில் எது முதலில்?

[திரையில்: இரண்டு ஊசிகள், நடுவில் ஒரு பெரிய கேள்விக்குறி]

எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட், எலும்பு கரைவதைத் தடுக்கும் டினோசுமாப் என்று இரண்டு மருந்துகள். ஒரு குழுப் பெண்களுக்கு முதல் இரண்டு வருடம் டெரிபாரடைட், அடுத்த இரண்டு வருடம் டினோசுமாப். இன்னொரு குழுவுக்கு அதையே தலைகீழாக. நான்கு வருடம் கழித்து இடுப்பெலும்பை அளந்து பார்த்தால், முதல் குழுவுக்கு அடர்த்தி 6.6 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டாம் குழுவுக்கு 2.8 தான். அதே மருந்து, அதே காலம். வரிசைதான் வேறு.

கூத்து அதோடு முடியவில்லை. இரண்டாம் குழுவுக்கு மருந்தை மாற்றியதும், அதுவரை ஏறிக்கொண்டிருந்த இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்ச காலம் இறங்கியது. எலும்பு வளர்க்கிற ஊசியைப் போடப் போட இறங்கியது!

2015இல் பாஸ்டனிலிருந்து வந்த டேட்டா ஸ்விட்ச் ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், நூறு பேர்கூட இல்லை. அளந்ததும் அடர்த்தியை மட்டுமே; எத்தனை பேருக்கு எலும்பு முறிந்தது என்று ஒப்பிட இந்த எண்ணிக்கை போதாது. ஆனாலும் இதற்குப் பிறகு எலும்பு மருத்துவர்கள் "எந்த மருந்து?" என்பதோடு நிற்காமல் "எது முதலில்?" என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் டாக்டர் இல்லை. இதைப் பார்த்துவிட்டு யாரும் மருந்தை மாற்றாதீர்கள். டாக்டரிடம் கேள்வி கேளுங்கள், அது போதும்.

[திரையில்: ஒரு முழங்கால், ஒரு முதுகெலும்பு]

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் "எலும்புத் தேய்மானம்", முதுகெலும்பு நொறுங்கினாலும் "எலும்புத் தேய்மானம்". இரண்டும் வேறு. முழங்காலில் தேய்வது மூட்டுக் குருத்தெலும்பு. நாம் பேசப் போவது ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. எலும்பு உள்ளுக்குள் புரையோடிப் போவது. இது வலிக்காது, முறிகிறவரை.

என் பெரியம்மாவுக்குப் புடவைக் கொசுவம் தரையில் புரள ஆரம்பித்தது. "இப்போ வர்ற புடவையெல்லாம் அகலம் ஜாஸ்தி" என்று ஜவுளிக்கடையைத் திட்டிக்கொண்டிருந்தார். புடவை வளரவில்லை, பெரியம்மா குள்ளமாகியிருந்தார். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தன. அதுவரை முதுகுக்குத் தைலம்தான் தேய்த்தோம். உங்கள் வீட்டில் யாராவது உயரம் குறைந்திருந்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட மதிப்பெண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் மூன்றுக்கும் கீழே, அல்லது போன ஒரு வருடத்துக்குள் முறிவு, அல்லது மருந்து சாப்பிடும்போதே முறிவு என்றால் மிக அதிக ஆபத்து. முதுகெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்திலேயே இன்னொன்று நசுங்குகிறது. நம் கதை இவர்களைப் பற்றியது.

[திரையில்: பழைய சுவர், ஒருவர் சுரண்டுகிறார், ஒருவர் பூசுகிறார்]

எலும்பு பழைய வீட்டுச் சுவர் மாதிரி. ஒரு ஆள் கெட்டுப்போன காரையைச் சுரண்டிக்கொண்டே போவார், பின்னாலேயே இன்னொருவர் புதிதாகப் பூசிக்கொண்டு வருவார். சுரண்டுவது ஆஸ்டியோகிளாஸ்ட் செல், பூசுவது ஆஸ்டியோபிளாஸ்ட் செல். மாதவிடாய் நின்றபின் சுரண்டுகிறவருக்கு வேகம் கூடிவிடுகிறது. பூசுகிறவரால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

மருந்துகளும் இரண்டு சாதி. அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டினோசுமாப்: இவை சுரண்டுகிறவரை உட்கார வைக்கின்றன. டெரிபாரடைட், அபலோபாரடைட், ரோமோசோசுமாப்: இவை பூசுகிறவரை வேலைக்கு இழுக்கின்றன. கால்சியமும் வைட்டமின் டியும் சிமெண்டும் மணலும்தான். வேண்டும், ஆனால் வாசலில் கொட்டி வைத்தால் சுவர் தானாக எழும்பாது.

டெரிபாரடைட் ஒரு விசித்திரப் பிறவி. கழுத்தில் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்கள்தான் இந்த மருந்து. அந்த ஹார்மோன் எந்நேரமும் அதிகமாகச் சுரந்தால் எலும்பைக் கரைத்துவிடும். அதே சமாச்சாரத்தை நாளுக்கு ஒரு தடவை, 20 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டால் எலும்பு வளர்கிறது! காலையில் ஒரு தடவை சொன்னால் படிக்கிற பிள்ளை, நாள் முழுக்க நச்சரித்தால் புத்தகத்தைத் தூக்கி எறிகிறதே, அந்த மாதிரி. (அம்மாக்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.)

[திரையில்: வரைபடம், நெதர்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு கோடு]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ரோமோசோசுமாப் எங்கிருந்து வந்தது?

தென்னாப்பிரிக்காவில் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு அபூர்வ நோய் இருக்கிறது. பெயர் ஸ்கிளீரோஸ்டியோசிஸ். இவர்கள் நல்ல உயரம். பலருக்குப் பிறக்கும்போதே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியிருக்கும். எலும்பு? இரும்பு! விழுந்தாலும் லேசில் முறியாது.

வரம் என்று நினைத்தால், இல்லை, சாபம். எலும்பு வளர்வது நிற்கவே நிற்காது. மண்டையோடு தடித்துக்கொண்டே போய், நரம்புகள் வெளியேறும் துவாரங்களை நெருக்கும். முகம் செயலிழக்கும், காது கேட்காது, மூளையில் அழுத்தம் ஏறும். இந்தக் குடும்பங்களுக்கு ஹெர்மன் ஹமர்ஸ்மா என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் பல வருடங்கள் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். கவனியுங்கள், எலும்பு மருத்துவத்தையே மாற்றப் போகிற நோய், காது டாக்டரிடம் வந்து நின்றிருக்கிறது.

அங்கே நெதர்லாந்தில் உர்க் என்று ஒரு மீனவர் ஊர். 1939இல் கரை கட்டி இணைக்கும்வரை அது தனித் தீவு. அங்கேயும் இதே போன்ற, கொஞ்சம் மிதமான நோய். 1955இல் அதை விவரித்த மருத்துவர் வான் பியூகெம் பெயரே அதற்கு நின்றுவிட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு என்று தெரிய 2002 ஆனது. அந்த மரபணு தயாரிக்கும் புரதம் ஸ்கிளீரோஸ்டின். நம் உடம்பில் அதன் வேலை, பூசுகிறவரிடம் "போதும்பா, கரண்டியைக் கீழே வை" என்று சொல்வது. இவர்கள் உடம்பில் அதைச் சொல்ல ஆளே இல்லை.

அப்படியானால், எலும்பு மெலிந்த ஒரு பாட்டிக்கு அந்த "போதும்பா"வை ஒரு வருடம் மட்டும் வாயடைத்தால்? அதுதான் ரோமோசோசுமாப். மாதம் ஒரு முறை 210 மில்லிகிராம், மொத்தம் 12 மாதம். 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு சில குடும்பங்களின் துயரத்திலிருந்து உலகத்துக்கே ஒரு மருந்து. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. உங்களுக்கும் சிலிர்த்தால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், சிலிர்க்காவிட்டாலும் செய்யுங்கள்.

[திரையில்: இரண்டு பட்டைகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை]

சரி, வரிசைக்கு வருவோம். சுரண்டுகிறவரும் பூசுகிறவரும் ஜோடியாக வேலை செய்கிறவர்கள். சுரண்டுகிறவரை உட்கார வைத்தால், கொஞ்ச நாளில் பூசுகிறவரும் பீடி பற்ற வைத்துவிடுவார். அந்த நிலையில் டெரிபாரடைட் போட்டால் சுணக்கமாகத்தான் வேலை நடக்கும். டினோசுமாப் விஷயம் இன்னும் மோசம்: அதை நிறுத்தியதும் அடங்கிக் கிடந்த சுரண்டல் ஆட்கள் கூட்டமாக எழுந்து வருவார்கள். டெரிபாரடைட்டால் அவர்களைத் தடுக்க முடியாது.

அதனால் மிக அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு முதலில் கட்டு, பிறகு காப்பாற்று. முறிவுகளை எண்ணிப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஆர்ச் ஆய்வில் 4,093 பெண்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள். ஒரு வருடம் ரோமோசோசுமாப், பிறகு அலெண்ட்ரோனேட் என்று போனவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே அலெண்ட்ரோனேட் மட்டும் எடுத்தவர்களைவிட முதுகெலும்பு முறிவு 48 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 38 சதவீதமும் குறைவு. ஆனால் அதே ஆய்வின் முதல் வருடத்தில் ரோமோசோசுமாப் எடுத்தவர்களுக்குத் தீவிர இதயப் பிரச்சினைகள் 2.5 சதவீதம், மற்றவர்களுக்கு 1.9. அதனால் போன ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதை ஆரம்பிப்பதில்லை.

டெரிபாரடைட்டும் சளைத்ததல்ல. 2018இன் வீரோ ஆய்வில் இரண்டு வருடத்தில் புதிதாக முதுகெலும்பு முறிந்தவர்கள் 5.4 சதவீதம், அலெண்ட்ரோனேட் வகையைச் சேர்ந்த ரைசெட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம். எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்ததால் டெரிபாரடைட்மேல் இருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கையையும் (அமெரிக்காவில் மருந்துக்குப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) 2020இல் எடுத்துவிட்டார்கள்.

"நான் ஏற்கெனவே ஐந்து வருடமாக அலெண்ட்ரோனேட் சாப்பிடுகிறேனே?" அதற்கும் ஒரு ஆய்வு உண்டு, ஸ்ட்ரக்சர் என்று பெயர். மாத்திரையிலிருந்து மாறியவர்களின் இடுப்பெலும்பு, ஒரு வருடத்தில் ரோமோசோசுமாப்பில் 2.6 சதவீதம் கூடியது, டெரிபாரடைட்டில் 0.6 குறைந்தது. இதய விவரத்தைச் சொல்லிவிட்டு, இதை டாக்டரிடம் கேளுங்கள்.

இந்த மருந்துகளில் சிலவற்றால் தாடை எலும்பிலும் தொடை எலும்பிலும் வரும் பக்கவிளைவுகள் அபூர்வம்; பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

[திரையில்: மொட்டை மாடி, பாத்தி கட்டித் தேங்கிய தண்ணீர்]

கட்டி முடித்தபின்? தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவோமே, அதை யாரும் "காசு மிச்சம்" என்று விடுவதில்லை. ஆனால் டெரிபாரடைட் முடிந்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சேர்த்த எலும்பு மெல்ல மெல்லப் போய்விடும். பின்னாலேயே ஸோலெட்ரோனிக் ஆசிட், அலெண்ட்ரோனேட், டினோசுமாப், ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும்.

இதில் டினோசுமாப் வாங்கினவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இதை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினவர்களில் சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் வேறொரு மருந்தை வைத்து மூட வேண்டும். 2020 ஊரடங்கில் எலும்பு மருத்துவ அமைப்புகள், இந்த ஊசி ஏழு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அவசரமாக அறிக்கை விட்டன.

அம்மாவின் மருந்துச் சீட்டு ஃபிரிட்ஜ் மேலேயோ சாமி படத்துக்குப் பின்னாலேயோ இருக்கும். எடுத்துப் பாருங்கள். டினோசுமாப் என்று எழுதியிருந்தால், போன ஊசி போட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்தை இப்போதே எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். நான் காத்திருக்கிறேன், வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் வாருங்கள்.