முதுகுப்பையோடு பலேர்மோவில் ஒரு சனி, ஞாயிறு

வணக்கம் மக்களே! செலவு கையைக் கடிக்காமல் சனி, ஞாயிறு போய்வர மத்தியதரைக் கடலில் ஒரு ஊர் சொல்லுங்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில் பலேர்மோ, சிசிலித் தீவின் தலைநகர். இங்கே நல்ல சாப்பாடு தெருவிலேயே கிடைக்கும். பழைய நகரம் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம். அதனால் பணத்தை ஒரே ஒரு இடத்துக்கு எடுத்து வைத்தால் போதும். எந்த இடம் என்று சொல்கிறேன்.

முதலில் டிக்கெட். மலிவு விமானங்களில் பெட்டிக்குத்தான் காசு பிடுங்குவார்கள், ஒரு முதுகுப்பையோடு கிளம்புங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். டிராபனிக்கு டிக்கெட் மலிவாகக் கண்ணில் படும், ஆனால் அங்கிருந்து பலேர்மோ சுமார் 100 கி.மீ. பஸ் செலவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலேர்மோ விமான நிலையமே நகரத்திலிருந்து 35 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. அங்கிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. டாக்சி வேண்டாம். இத்தாலியிலேயே இருப்பவர்களுக்கு நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பல் இருக்கிறது. ராத்திரி ஏறினால் காலையில் பலேர்மோ, ஒரு இரவு அறை வாடகை மிச்சம். பிரிட்டனில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு இருப்பவர்கள் ஷெங்கன் விசாவை மறக்காதீர்கள்.

தங்குவதற்கு மத்திய ரயில் நிலையத்துக்கும் பல்லரோ சந்தைக்கும் நடுவில் அறை தேடுங்கள். நகராட்சி வரி தனியாக வாங்குவார்கள், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

சனிக்கிழமை காலை நேராகப் பல்லரோ. மீன்காரர்கள் கூவுகிற சத்தமே பாட்டு மாதிரி இருக்கும். இங்கே நீங்கள் சாப்பிட வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களி போலக் கிண்டி, பார்ஸ்லி தூவி, பரப்பி ஆறவிட்டு, மெல்லிய துண்டாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள்ளு தூவிய பன்னுக்குள் நாலைந்து துண்டை வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். மூன்று யூரோ அளவில் வயிறு நிறைந்துவிடும். ஓரம் மொறுமொறு, உள்ளே மெத்து. அசைவம் துளியும் இல்லை. ஆனால் ஸ்பின்சியோனே என்கிற தடித்த பீட்சாவில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும். அரன்சீனா என்கிற பொரித்த சோற்று உருண்டையில் வெண்ணெய் போட்ட வகையில் பன்றி இறைச்சி இருக்கும். சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். காபியை நின்றபடியே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும் கடைகள் உண்டு.

சரி, காசு செலவழிக்க வேண்டிய இடம் நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலட்டீனா தேவாலயம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டியது. சுவரெல்லாம் பைசாந்திய பொன் மொசைக், மேலே அரபுக் கைவினைஞர்களின் மரக்கூரை. போனில் ஜூம் செய்து கூரையைத் தேடுங்கள், இரண்டு பேர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள்! ஞாயிறு காலை பூசை நேரத்தில் மூடிவிடுவார்கள், அதனால் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். அப்புறம் குவாத்ரோ கான்தி முனையிலிருந்து மக்வேடா தெரு வழியாக மாசிமோ அரங்கம் வரை வண்டித் தொல்லை இல்லாமல் நடக்கலாம்.

ஞாயிறு காலை மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகலாம். நானாக இருந்தால் அதை விட்டுவிட்டு பெல்லெக்ரினோ மலைக்குத்தான் ஏறுவேன். மலைக் குகைக்குள் புனித ரொசாலியா சன்னதி. 1624ல் கொள்ளைநோயின்போது அவருடைய எலும்புகள் இந்த மலையில்தான் கிடைத்தன, நகரத்தைக் காத்தவர் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். குகைக் கூரையில் உலோகத் தகடுகளைக் கோணல்மாணலாகத் தொங்கவிட்டு, பாறையில் சொட்டுகிற நீரைப் பிடிக்கிறார்கள். அதைப் புனித நீர் என்று நம்புகிறார்கள். இங்கே வருகிறவர்களில் நம் ஈழத்தமிழர்கள் ஏராளம். 1980களிலிருந்து பலேர்மோவில் வேரூன்றிய குடும்பங்கள், கிறிஸ்தவர்களும் சைவர்களும் சேர்ந்தே ஏறுகிறார்கள். இத்தாலியத் தீவில் ஒரு மலைமேல் தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டணம் கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு 812ஆம் எண் பஸ் இருக்கிறது. டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் பஸ்ஸில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். இறங்குவதற்கான கடைசி பஸ் நேரத்தையும் கீழேயே பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

எந்த ஊரிலிருந்து, எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று கமெண்டில் போடுங்கள், வழியை அதற்கேற்ப பார்த்துச் சொல்கிறேன்.